கணக்கிலும் ஆராய்ச்சி உண்டா?

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



இன்று நாம் வேறொரு விஷயத்தைப் பற்றிப் பேசலாமென்று எண்ணிக்கொண்டுதான் இங்கு வந்தோம். ஆனால் மேடையேறுவதற்கு முன் ஒரு பெரியவர் நம்மைத் தனியே அழைத்து ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, என் மகள் கணக்கில் எம்.எஸ்சி. பாஸ் செய்துவிட்டாள். இன்னும் ஐந்தாறு வருஷம் ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்கிறாள். கணக்கில் ஆராய்ச்சி செய்ய என்னய்யா இருக்கிறது? இரண்டும் இரண்டும் நாலுதானே, ஆராய்ச்சி செய்தால் ஐந்தாகிவிடுமா? அதற்குள் அவளுக்கு வயதாகிவிட்டால் மாப்பிள்ளைக்கு நான் எங்கே போவேன்?" என்றார்.

அவர் பெயரை நாம் சொல்லப் போவதில்லை. ஏனெனில், அந்தக் கேள்வி அவர் ஒருவருடையது மாத்திரமல்ல. இங்கு உட்கார்ந்திருக்கும் தகப்பன்மாரில் பலருக்கும் அதே கேள்வி மனதில் இருக்கலாம். ஆகவே, பேச வந்ததை ஒரு பக்கம் வைத்துவிட்டு இதற்கே பதில் சொல்லலாமென்று தீர்மானித்தோம். பெரியவர் கேட்டது இரண்டு கேள்வி. கணக்கில் ஆராய்ச்சி என்பது உண்டா என்பது ஒன்று. உண்டென்றால் பெண்ணை அதற்கு அனுப்பலாமா என்பது மற்றொன்று. முதலாவதை முதலில் எடுத்துக் கொள்ளுவோம்.

தோழர்களே! பள்ளிக்கூடத்தில் நாம் படித்த கணக்குக்கெல்லாம் விடை புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அச்சிட்டிருந்தது. உபாத்தியாயருக்கு விடை தெரியும், பையனுக்குத் தெரியாது. ஆராய்ச்சி மாணவர் எடுத்துக்கொள்ளும் கணக்கு அப்படிப்பட்டதல்ல. அதற்கு விடை எந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் கிடையாது. உபாத்தியாயருக்கும் தெரியாது. உலகத்தில் யாருக்குமே தெரியாது. தெரியாத அந்த ஒன்றைக் கண்டுபிடித்து, அது சரியென்று யாரும் மறுக்க முடியாதபடி மெய்ப்பித்து எழுதிக் கொடுத்தால்தான் டாக்டர் பட்டம். இதற்குத்தான் ஐந்தாறு வருஷம் பிடிக்கிறது.

இதிலும் இரண்டு வகை உண்டு. "இது இப்படியானால் அதிலிருந்து என்ன வரும்?" என்று மாத்திரம் கேட்பது சுத்த கணிதம். "உலகத்தில் அது அப்படித்தான் இருக்கிறதா?" என்பதையும் சேர்த்துக் கேட்பது பிரயோக கணிதம். வெறும் பேச்சாகச் சொன்னால் இது விளங்காது. ஆகையால் இரண்டு வகையையும் ஒருங்கே செய்த ஒரு மாணவியின் கதையைச் சொல்லுகிறோம். பெரியவருடைய இரண்டாவது கேள்விக்கும் அதிலேயே பதில் இருக்கிறது.

ருஷ்யா தேசத்தில் 1850-ம் வருஷம் சோபியா என்றொரு பெண் பிறந்தாள். தகப்பனார் பட்டாளத்தில் பெரிய உத்தியோகஸ்தர். அவர்கள் கிராமத்து வீட்டிற்குச் சுவர்க் காகிதம் ஒட்டியபோது, குழந்தைகள் அறைக்கு மாத்திரம் காகிதம் போதவில்லை. பரணில் கிடந்த பழைய காகிதங்களை எடுத்து ஒட்டிவிட்டார்கள். அவை ஒரு கணித ஆசிரியருடைய பாடக் குறிப்புகள். அந்தக் குழந்தை சுவரிலிருந்த விளங்காத குறிகளை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டு நிற்கும். நம் வீட்டுக் குழந்தைகள் பார்த்துக்கொண்டு நிற்கும்படியாக நம் சுவர்களில் என்ன ஒட்டி வைத்திருக்கிறோம் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அந்தப் பெண் வளர்ந்ததும் மேல்படிப்புப் படிக்க வேண்டுமென்றாள். அப்போது ருஷ்ய சர்வகலாசாலைகளில் பெண்களுக்கு இடமில்லை. வெளிதேசம் போகலாமென்றால், தகப்பனோ புருஷனோ சம்மதிக்காமல் ஒரு பெண் தேசத்தைவிட்டுப் போக முடியாது. தகப்பனார் சம்மதிக்கவில்லை. என்ன செய்தாள்? விளாதிமிர் கோவலெவ்ஸ்கி என்ற ஒரு வாலிபரை 1868-ல் பெயருக்கு மாத்திரம் கலியாணம் செய்துகொண்டாள். மற்றப் பெண்களுக்குக் கலியாணம் வந்தால் படிப்பு நின்றுபோகும். இவள் படிப்பதற்காகவே கலியாணம் செய்துகொள்ள வேண்டியதாயிற்று. ஒரு பெண் கணக்குப் படிப்பதற்கு ஒரு போலிக் கலியாணம் வேண்டியிருந்ததென்றால், வெட்கப்பட வேண்டியது அவளா, அப்படிச் சட்டம் வைத்திருந்தவர்களா என்று கேட்கின்றோம்.

1869-ல் ஜெர்மனியில் ஹைடல்பர்க் நகருக்குப் போனாள். அங்கே ஒவ்வோர் ஆசிரியரிடமும் தனித்தனியே அனுமதி வாங்கிக்கொண்டு பாடம் கேட்டாள். 1870-ல் பெர்லினுக்குப் போனாள். அங்கே வயர்ஸ்ட்ராஸ் என்பவர் இருந்தார். அக்காலத்துக் கணிதர்களில் முதல் வரிசையில் வைத்து எண்ணப்பட்டவர். அவர் இவளைச் சோதிப்பதற்காகக் கடினமான சில கணக்குகளைக் கொடுத்து அனுப்பினார். ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். அவர் அசந்து போனார். ஆனால் பெர்லின் சர்வகலாசாலையோ, ஆசிரியர் சொல்லியும்கூட, பெண்ணை வகுப்பில் உட்கார விடமாட்டோமென்று மறுத்துவிட்டது. பெண்களை முறையாக மாணாக்கராகச் சேர்த்துக் கொள்ளலாமென்று அந்த ராஜ்யத்தில் அனுமதி வந்ததே 1908-ல்தான்! ஆகவே வயர்ஸ்ட்ராஸ் நான்கு வருஷகாலம் அவளுக்குத் தம் வீட்டிலேயே தனியாகப் பாடம் சொல்லிக் கொடுத்தார்.

இனி அவள் செய்த ஆராய்ச்சியைச் சற்றுப் பார்ப்போம். கவனித்துக் கேளுங்கள், ஒன்றும் பயமில்லை.

கொல்லன் ஓர் இரும்புக் கம்பியின் ஒரு நுனியை உலையில் வைக்கிறான். சூடு மறு நுனிக்குப் பரவுகிறது. எந்த இடத்தில் எப்போது எவ்வளவு சூடு இருக்குமென்று கணக்கிட ஒரு சமன்பாடு உண்டு. இப்படிப்பட்ட சமன்பாடுகளுக்கு விடை காணக் கணிதர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். விடையை ஒரே தொகையாகச் சொல்லாமல், ஒரு தொகை, அதனோடு இன்னொன்று, அதனோடு வேறொன்று என்று முடிவில்லாமல் கூட்டிக்கொண்டே போகும் வழி அது. முடிவில்லாமல் கூட்டினால் எங்கே போய் நிற்கும் என்று நீங்கள் கேட்கலாம். கடன்காரனுக்கு நூறு ரூபாய் தரவேண்டும். இன்று பாதி, நாளை மீதியில் பாதி, மறுநாள் அதன் மீதியில் பாதி என்று ஆயுள் முழுதும் கட்டினாலும் மொத்தம் நூறைத் தாண்டாது. அதை நெருங்கிக்கொண்டே போகும். இத்தகைய தொடருக்கு ஒரு முடிவான விடை உண்டு. ஆனால் கட்டும் தொகை நாளுக்கு நாள் பெருகிக்கொண்டே போனால்? அதற்கு முடிவும் இல்லை, விடையும் இல்லை.

இத்தகைய சமன்பாடுகளில் வரும் தொடரெல்லாம் ஒரு முடிவுக்கு வந்து சேரும் என்பது ஆசிரியருடைய எண்ணம். மாணவி அதை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டுப் பட்டம் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். அவளோ சோதித்துப் பார்த்தாள். அந்தச் சூட்டுச் சமன்பாட்டையே எடுத்து, ஆரம்பத்தில் சூடு இன்ன விதமாக இருந்தது என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டு தொடரை எழுதினாள். அதில் வந்த எண்கள் 1, 2, 12, 120, 1,680, 30,240 என்று போகும். இவற்றைப் பாருங்கள். ஒன்றை 2-ஆல் பெருக்கினால் இரண்டு. அதை 6-ஆல் பெருக்கினால் பன்னிரண்டு. பிறகு 10-ஆல், 14-ஆல், 18-ஆல் என்று பெருக்கும் எண்ணே நாலு நாலாக ஏறிக்கொண்டு போகிறது. நேரம் மிகச் சிறியதுதானே, ஆயிரத்தில் ஒரு பங்குதானே என்று சொல்லி, ஒவ்வொரு படியிலும் ஆயிரத்தால் வகுத்துப் பாருங்கள். முதலில் தொகைகள் குறைந்துகொண்டு வருவதுபோல் காணும். ஆனால் இருநூற்றைம்பது படி போனதும் பெருக்கும் எண் ஆயிரத்தைத் தாண்டிவிடும். அதற்கப்புறம் தொகைகள் பெருகிக்கொண்டேதான் போகும். லட்சத்தால் வகுத்தாலும் இதே கதிதான், கொஞ்சம் தாமதமாகும் அவ்வளவே. ஆகவே அந்தத் தொடர் விடைக்கு வந்து சேராது.

ஆசிரியர் எண்ணியது தவறென்று மாணவி காட்டிவிட்டாள்! காட்டியதோடு நிற்காமல், எந்த எந்த நிபந்தனை இருந்தால் தொடர் நிச்சயமாக விடைக்கு வந்து சேரும் என்பதையும் மெய்ப்பித்தாள். அதற்கு இன்றைக்கும் கோஷி–கோவலெவ்ஸ்கயா தேற்றம் என்று பெயர். உலகமெங்கும் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

ஆசிரியர் என்ன செய்தார் என்பதுதான் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது. "குருவுக்கு மிஞ்சிப் பேசுகிறாயா?" என்று கோபித்தாரா? இல்லை. தாம் எதிர்பாராததை மாணவி கண்டாளென்று மகிழ்ந்தார், அவளுக்குப் பட்டம் வாங்கிக் கொடுக்க முன்நின்று பாடுபட்டார். பெரியவர் சொன்னார் என்பதற்காக ஒன்று சரியாகிவிடாது, சிறியவர் சொன்னார் என்பதற்காக ஒன்று தப்பாகிவிடாது என்பதை நாம் மேடைதோறும் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். கணக்கில் அது தினப்படி நடக்கிற காரியமாயிருக்கிறது.

அவள் எழுதிய மற்றொரு கட்டுரை சனி கிரகத்தைப் பற்றியது. நம்மவர்களுக்குச் சனி என்றால் எள் விளக்கும் பரிகாரமும் ஞாபகத்துக்கு வரும். அந்தப் பெண்ணுக்கு ஞாபகம் வந்தது, அதைச் சுற்றியிருக்கும் வளையம் என்ன வடிவத்தில் இருக்க வேண்டும் என்ற கேள்வி. லப்லாஸ் என்ற பிரெஞ்சுக் கணிதர் அந்த வளையத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நீள்வட்டமாயிருக்குமென்று கணக்கிட்டிருந்தார். வளையம் திரவமாயிருந்தால் வெட்டுமுகம் ஒரு பக்கம் பருத்த முட்டை வடிவமாகத்தான் இருக்கும் என்று இவள் காட்டினாள். ஆனால் சனியின் வளையம் திரவமல்ல, எண்ணிறந்த பனிக்கட்டித் துண்டுகளும் கல்துண்டுகளும் சேர்ந்தது என்பது இன்று நிச்சயமாகத் தெரிந்த விஷயம். அவள் கணக்குத் தப்பா? தப்பல்ல. "திரவமானால்" என்ற பேச்சுக்கு அது சரி. வானத்தில் இருப்பது திரவம்தானா என்பது வேறு கேள்வி. முன்பு நாம் சொன்ன சுத்த கணிதத்துக்கும் பிரயோக கணிதத்துக்கும் உள்ள வித்தியாசம் இப்போது விளங்குகிறதல்லவா?

இந்த இரண்டோடு மூன்றாவதாக ஒரு கட்டுரையும் சேர்த்து ஜெர்மனியில் கோட்டிங்கன் சர்வகலாசாலைக்கு அனுப்பினார்கள். 1874-ல் அது அவளுக்கு மிக உயர்ந்த தரத்தில் டாக்டர் பட்டம் கொடுத்தது. தற்கால ஐரோப்பாவில் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் பெண் அவள்தான். ஊருக்குத் திரும்பினாள். அங்கே அவளுக்கு என்ன வேலை கிடைக்குமென்றார்கள் தெரியுமா? சிறு பெண்களுக்குக் கூட்டல் கழித்தல் சொல்லிக் கொடுக்கும் வேலை! பத்து வருஷம் கழித்து, 1884-ல், ஸ்வீடன் தேசத்து ஸ்டாக்ஹோம் நகரில்தான் கணிதம் போதிக்க அவளுக்கு இடம் கிடைத்தது.

1888-ல் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தார் ஒரு பரிசுப் போட்டி வைத்தார்கள். கட்டுரையில் எழுதியவர் பெயர் இருக்கக்கூடாது. பெயரைத் தனிக் கவரில் ஒட்டிவைக்க வேண்டும். கட்டுரைகளைப் படித்துத் தீர்ப்புச் சொன்ன பிறகே கவரைப் பிரிப்பார்கள். சுழலும் பொருள்களைப் பற்றிய ஒரு கட்டுரை மிகச் சிறந்ததாயிருந்ததால், 3,000 பிராங்க் பரிசை 5,000 ஆக உயர்த்தினார்கள். கவரைப் பிரித்தால் உள்ளே இருந்த பெயர் சோபியா கோவலெவ்ஸ்கயா!

தோழர்களே! பெயர் தெரிந்த இடத்திலெல்லாம் கதவைச் சாத்தினார்கள். பெயர் தெரியாத இடத்தில் அவளையே முதலில் வைத்தார்கள். அப்படியானால் குறை எங்கே இருந்தது? அவள் மூளையிலா? வாசற்காவலர்கள் கண்ணிலா? நாம் இன்றைக்குச் சொல்ல வந்ததெல்லாம் இந்த ஒரு விஷயந்தான். கணக்குக்கு ஆண் பெண் தெரியாது, ஜாதி தெரியாது, நிறம் தெரியாது. கணக்குப் பள்ளிக்கூடத்து வாசற்படிக்குத்தான் இவையெல்லாம் தெரிந்திருக்கின்றன.

நிறமென்று சும்மா சொல்லவில்லை. அமெரிக்காவில் எல்பர்ட் காக்ஸ் என்ற நீக்ரோ சமூகத்தைச் சேர்ந்தவர் 1925-ல் கார்னெல் சர்வகலாசாலையில் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். கறுப்பின மக்களில் உலகத்திலேயே அப்பட்டம் பெற்ற முதல்வர் அவர். அதே சமூகத்தில் பிறந்த டேவிட் பிளாக்வெல் 1941-ல், 22-வது வயதில் அதே பட்டம் பெற்றார். பிரின்ஸ்டனில் உள்ள உயர் ஆராய்ச்சி நிலையம் அவரை அழைத்தது. ஆனால் பக்கத்திலிருந்த பிரின்ஸ்டன் சர்வகலாசாலையார், அந்த நிலையத்து அங்கத்தினர்களுக்கு வழக்கமாகக் கொடுத்துவந்த மரியாதையை அவருக்குக் கொடுக்க ஆட்சேபித்தார்கள். அதே பிளாக்வெல்தான் பிற்பாடு 1965-ல் அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகத்தில் அங்கத்தினரானார்.

நிற்க, நம் நாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லித்தான் ஆகவேண்டும். "கும்பகோணத்து ராமானுஜத்துக்கு நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் சொன்னாள். ஆராய்ச்சியெல்லாம் எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். ராமானுஜம் பெரிய மேதை என்பதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயமில்லை. ஆனால் நடந்ததைப் பாருங்கள். காலேஜ் பரீட்சையில் தேறாத அவருக்குச் சென்னை சர்வகலாசாலை 1913-ல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் கொடுத்தது. பிறகு கேம்பிரிட்ஜுக்குப் போனார். அங்கே ஹார்டி அவரிடம் கேட்டது கனவையல்ல, நிரூபணத்தை. 1916-ல் ஆராய்ச்சிக் கட்டுரைக்காகத்தான் அவருக்குப் பட்டம் கிடைத்தது. அன்றியும், பகா எண்களைப் பற்றி அவர் ஹார்டிக்கு எழுதியனுப்பியதில் சில தவறாகவும் இருந்தன. தாயார் சொன்னதென்றால் தவறு எப்படி வந்தது? சரியானவற்றின் பெருமை தாயாருக்கு, தவறானவற்றின் பழி மனிதனுக்கு என்பது என்ன நியாயம்? எல்லாம் அந்த மனிதனுடைய உழைப்பு, தவறும் அவருடையது, பெருமையும் அவருடையது என்பதுதான் அவருக்கு நாம் செய்யும் மரியாதை.

தவறு என்றதும் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். நாம் இவ்வளவு புகழ்ந்த சோபியாவும் தவறு செய்திருக்கிறாள். வெளிச்சம் படிகத்துக்குள் போகும் விதத்தைப் பற்றி அவள் 1885-ல் வெளியிட்ட கட்டுரையில் பிழை இருக்கிறதென்று வோல்ட்டெரா என்ற இத்தாலியக் கணிதர் பிற்பாடு காட்டினார். 1891-ல் அவள் 41-வது வயதில் இறந்துபோனாள். இதனால் அவள் பெருமை குறைந்துவிடவில்லை. பிழையைப் பிழையென்று சொல்ல யாருக்கும் உரிமையுண்டு என்பதினாலேயே, பிழையில்லாததை நாம் நம்ப முடிகிறது.

இதெல்லாம் பழங்கதை என்று யாரும் எண்ண வேண்டாம். அமெரிக்காவில் டெக்ஸாஸ் சர்வகலாசாலையில் லிசா பிச்சிரில்லோ என்ற மாணவி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். கயிற்று முடிச்சுகளைப் பற்றியும் ஒரு கணிதம் இருக்கிறது. கான்வே என்பவர் பெயரால் வழங்கும் முடிச்சு ஒன்றுண்டு. கயிறு பதினோரு இடங்களில் குறுக்கே போகும் முடிச்சு அது. அதைப் பற்றிய ஒரு கேள்விக்கு ஏறக்குறைய 50 வருஷமாக ஒருவராலும் விடை சொல்ல முடியவில்லை. 2018-ல் அந்தக் கேள்வியை ஒரு மகாநாட்டில் கேள்விப்பட்ட அந்த மாணவி, ஒரு வாரத்துக்குள் விடை கண்டுவிட்டார். "ஐம்பது வருஷமாகப் பெரியவர்களால் முடியாதது நம்மாலா ஆகும்?" என்று அவர் உட்கார்ந்துவிடவில்லை. 2020-ல் அது அச்சிலும் வந்துவிட்டது.

இனி, பெரியவர் கேட்ட இரண்டாவது கேள்விக்கு வருகிறோம். ஐயா! கணக்கில் ஆராய்ச்சி உண்டு என்பது தெரிந்துவிட்டது. செலவுக்கு என்ன செய்வது என்பீர்கள். நம் தேசத்தில் அதற்கென்று ஒரு தேசியப் பரீட்சை வைத்திருக்கிறார்கள். அதில் ஆராய்ச்சிச் சம்பளத்திற்குத் தேறுகிற மாணவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் என்று நிர்ணயித்திருக்கிறார்கள். பரீட்சை சுலபமல்ல, எல்லோருக்கும் கிடைத்துவிடாது என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். சென்னையில் 1962 முதல் கணித அறிவியல் நிறுவனம் என்றே ஒன்று இருந்து வருகிறது. உங்கள் பெண் கடல் தாண்ட வேண்டியதுமில்லை, போலிக் கலியாணம் செய்துகொள்ள வேண்டியதுமில்லை. சோபியாவுக்குச் சட்டம் கதவைச் சாத்தியிருந்தது. உங்கள் மகளுக்குச் சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. இப்போது அந்தக் கதவில் கைவைத்துக்கொண்டு நிற்பவர் நீங்கள் ஒருவர்தான்.

வயதாகிவிடும் என்கிறீர்கள். அவள் ஆராய்ச்சிக்குப் போனாலும் ஐந்து வருஷத்தில் ஐந்து வயதுதான் ஆகும், வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் ஐந்து வயதுதான் ஆகும். இது கணக்கு ஆராய்ச்சி செய்யாதவர்களுக்கும் தெரிந்த கணக்கு. மாப்பிள்ளை வேண்டுமா, எப்போது வேண்டும், எப்படிப்பட்டவன் வேண்டும் என்பதை அவளிடமே கேளுங்கள். உலகத்தில் யாருக்கும் விடை தெரியாத கணக்கை எடுத்துப் போடலாமென்று துணிகிறவளுக்குத் தன் வாழ்க்கைக் கணக்கைப் போட்டுக்கொள்ளத் தெரியாதா?

ஆகவே தோழர்களே! நாம் சொன்னதற்காக இதில் எதையும் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. வீட்டுக்குப் போனதும் ஒரு காகிதத்தை எடுத்து, 1, 2, 12, 120 என்று நாம் சொன்ன எண்களை நீங்களே பெருக்கிப் பாருங்கள். தப்பாயிருந்தால் அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று தப்பென்று சொல்லுங்கள். சரியாயிருந்தால், அதே காகிதத்தை உங்கள் வீட்டுப் பெண்ணிடம் கொடுத்து, அடுத்த எண் என்னவென்று கேளுங்கள். அவள் சொல்லிவிடுவாள். அதற்குப் பிறகு அவளைத் தடுக்க உங்களிடம் என்ன காரணம் மிச்சமிருக்கிறது என்பதை உங்கள் அறிவுக்கே விட்டுவிட்டு, நமது பேச்சை இவ்வளவோடு முடித்துக் கொள்ளுகின்றோம்.